மூலநிரலிலிருந்து ஒலி–ஒளி இயக்கியை அமைத்துக்கொள்ளுதல்

ஹைதராபாத் நகரை அடுத்த இராஜேந்திரநகரில், 1987-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தேசிய வேளாண்மை விஸ்தரிப்பு மேலாண்மை நிலையம் இயங்கி வருகிறது. ‘மேனேஜ்’ என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படும் இந்நிலையத்திற்கு நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் விஸ்தரிப்பு அலுவலர்கள் பயிற்சிக்காக வந்து செல்கின்றனர். அதே நகரிலிருந்து டி-சாட் என்னும் அமைப்பு, நிபுணா, வித்யா என்ற இரு அலைவரிசைகளின் வாயிலாகச் செயற்கைக்கோள் வழியே பாடங்களை ஒளிபரப்பி வருகிறது. முன்னர் துண்டுப் பிரசுரமாகவும் சுவரொட்டியாகவும் வயலுக்கும் வகுப்புக்கும் சென்ற செய்திகளுள் பல இன்று படக்காட்சிகளாகச் செல்கின்றன.

இத்தகைய படங்களை ஊரிலுள்ள பழைய கணிப்பொறியில் இட்டுக் காட்ட முற்படுகையில், சில சமயம் ஒலி மட்டும் கேட்டுப் படம் தோன்றாது போகும். அல்லது படம் விட்டு விட்டு ஓடும். கூடியிருப்போர் சற்று நேரம் காத்திருந்து கலைந்து செல்வர். கோப்பு கெட்டுவிட்டது என்றோ, கணிப்பொறி பயனற்றுப் போயிற்று என்றோ முடிவு கட்டுவது வழக்கம். உண்மையில் இரண்டும் நன்னிலையில் இருக்கலாம். கோப்புக்கும் திரைக்கும் இடையே நின்று வேலை செய்யும் இயக்கி நிரல் எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதிலேயே குறை இருக்கக்கூடும். அந்நிரலை அதன் மூலத்திலிருந்து தாமே அமைத்துக்கொள்ளும் முறையும், அம்முறையின் பயனும் எல்லையும் இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன.

படம் திரையை அடையும் வழி

திரையில் ஓடும் படம் என்பது விரைந்து மாறும் நிலைப்படங்களின் வரிசையே. அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 புள்ளிகள் கொண்ட ஒரு நிலைப்படத்தில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 25 படங்கள் வீதம் கணக்கிட்டால், ஒரு நொடியில் 5,18,40,000 புள்ளிகள் திரைக்கு வந்து சேர வேண்டும். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 3 பைட்டுகள் தேவையெனக் கொண்டால், ஒரு நொடிக்கு ஏறத்தாழ 155 மெகாபைட்டும், ஒரு மணி நேரத்துக்கு 560 ஜிகாபைட் அளவும் ஆகும். இதனை அப்படியே சேமித்து வைப்பதும் அனுப்புவதும் நடைமுறைக்கு ஒவ்வாதவை.

ஆகவே படம் சுருக்கப்படுகிறது. அடுத்தடுத்த படங்களில் மாறாத பகுதியை மறுபடி எழுதாமல், மாறிய பகுதியை மட்டும் குறித்துவைப்பது இச்சுருக்கத்தின் அடிப்படை. சுருக்கும் முறைக்குக் கோடெக் என்பது பெயர். 2003-ல் வெளியான எச்.264, 2013-ல் வெளியான எச்.265, 2018-ல் வெளியான ஏவி1 ஆகியவை இன்று பரவலாக வழங்கும் முறைகளாகும். முறை புதிதாக ஆக, கோப்பு சிறிதாகிறது. அதை விரிக்கும் கணக்கு வேலையோ பெரிதாகிறது.

இயக்கி நிரல் நான்கு பணிகளை ஆற்றுகிறது. முதலாவது, கோப்பை வட்டிலிருந்தோ வலையமைப்பிலிருந்தோ படித்தல். இரண்டாவது, ஒரே உறையில் கலந்து வைக்கப்பட்டுள்ள ஒலியையும் ஒளியையும் பிரித்தல். மூன்றாவது, ஒவ்வொன்றையும் அதற்குரிய கோடெக்கின்படி விரித்தல். நான்காவது, பேசுபவரின் உதடும் குரலும் பிசகாதவாறு காலம் பொருத்தித் திரைக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுப்புதல். ஒலி கேட்டுப் படம் தோன்றாவிடில், கோளாறு பெரும்பாலும் மூன்றாவது பணியில் உள்ளது எனக் கொள்ளலாம். அதாவது, அந்த ஒளிமுறையை விரிக்கும் கூறு அந்நிரலில் சேர்க்கப்படவில்லை.

மூலநிரலும் இயங்குநிரலும்

நிரலை எழுதுவோர் மனிதர் படிக்கக்கூடிய மொழியில் எழுதுகின்றனர். இது மூலநிரல் எனப்படும். இதனைக் கணிப்பொறியின் மையச் செயலகம் நேரே ஏற்காது. கம்பைலர் எனப்படும் தொகுப்பி, மூலத்தைப் படித்து, அச்செயலகத்துக்குரிய எண் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. இவ்வாறு கிடைப்பது இயங்குநிரல்.

மூலநிரலைக் கட்டடத்தின் வரைபடத்துக்கும், இயங்குநிரலைக் கட்டி முடித்த வீட்டுக்கும் ஒப்பிடலாம். முடிந்த வீட்டை மட்டும் பெற்றவர் அதில் குடியிருக்கலாம். சுவரினுள் என்ன இருக்கிறது என்பதை அறிய மாட்டார். வரைபடத்தையும் பெற்றவர், தம் மனைக்கேற்ப ஓர் அறையைக் குறைத்தோ ஒரு சாளரத்தைக் கூட்டியோ கட்டிக்கொள்ளலாம். லினக்ஸ் அமைப்பில் வழங்கும் நிரல்களுள் மிகப் பெரும்பாலானவை வரைபடத்தோடு கிடைப்பவை. சென்னையிலுள்ள சி-டாக் நிலையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும், அதற்கு அடிப்படையான டெபியனும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

விஎல்சி இயக்கியின் தோற்றம்

இப்பாடத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது விஎல்சி என்னும் இயக்கி. இது பெரிய வணிக நிறுவனம் எதிலும் பிறந்ததன்று. பாரிஸ் நகரத்து எகோல் சாந்த்ரால் என்னும் பொறியியற் கல்லூரியின் மாணவர்கள் 1996-ஆம் ஆண்டில் இவ்வேலையைத் தொடங்கினர். செயற்கைக்கோள் வழி வரும் தொலைக்காட்சியை வளாகத்து வலையமைப்பின் மூலம் ஒவ்வோர் அறைக்கும் அனுப்புவது அவர்களது திட்டம். அனுப்பும் நிரல் ஒன்றும் பெறும் நிரல் ஒன்றுமாக அது உருப்பெற்றது. கல்லூரியின் இசைவுடன் 2001 பிப்ரவரி 1 அன்று ஜிஎன்யு பொது உரிமத்தின் கீழ் மூலநிரல் உலகுக்கு அளிக்கப்பட்டது. அன்றுமுதல் எவரும் அதனைப் படிக்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறருக்கு வழங்கவும் உரிமை பெற்றனர். இப்பொழுது வீடியோலேன் என்னும் இலாப நோக்கற்ற சங்கம் இதனைப் பராமரித்து வருகிறது. சாலையில் வைக்கப்படும் கூம்பு இதன் சின்னம்.

2022-ஆம் ஆண்டின் அனுபவம்

வீடியோலேன் சங்கத்தின் இணையதளம் 2022 பிப்ரவரி முதல் இந்தியாவில் பல வலையமைப்புகளில் திறக்க இயலாதவாறு தடுக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் அச்சங்கம் உரிய துறைகளுக்குச் சட்ட அறிவிப்பு அனுப்பியது. நவம்பரில் தடை நீங்கியது. இந்த மாதங்களில் நிகழ்ந்தது மாணவர்களுக்கு எடுத்துரைக்கத் தக்கது. அதிகாரபூர்வமான தளம் கிட்டாதபோது, நம்பகமற்ற பிற தளங்களிலிருந்து அதே பெயருடைய நிரலை இறக்கிக்கொள்ளும் அபாயம் எழுகிறது. லினக்ஸ் உபயோகிப்போருக்கு இவ்விடர் பெரிதாக நேரவில்லை. டெபியன் முதலிய அமைப்புகளின் பொதிக்களஞ்சியங்களில் இயங்குநிரலும் மூலநிரலும் ஒருங்கே வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் படிகள் உலகின் பல இடங்களிலும் உள்ளன.

மூலம் பலரிடம் இருக்கும் நிரல், ஓர் இடத்தின் கதவு அடைபட்டதால் மறைந்துபோவதில்லை. எனினும் வரைபடம் கையிலிருந்தும் கட்டத் தெரியாவிடில் பயன் குறைவு. கட்டும் முறையை அடுத்துக் காண்போம்.

அமைக்கும் முறை

கீழ்வரும் படிகள் டெபியன், உபுண்டு, பாஸ் ஆகிய அமைப்புகளுக்குப் பொருந்தும். கட்டளைகளின் பெயர்கள் இங்கே ஒலிப்பின்படி எழுதப்பட்டுள்ளன. விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துக்களில் இட வேண்டும்.

1. மூலத்தைப் பெறுதல். வீடியோலேன் தளத்திலிருந்து மூலநிரல் பொதியை இறக்கிக்கொள்க. மூன்றாம் வரிசைப் பதிப்புகளின் சுருக்கிய பொதி ஏறத்தாழ 25 மெகாபைட் அளவுடையது.

2. சரிபார்த்தல். பொதியுடன் 64 இலக்கங்கொண்ட ஷா-256 என்னும் சரிபார்ப்பெண் வெளியிடப்படுகிறது. இறக்கிய கோப்புக்கும் அவ்வெண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுக. கோப்பில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பினும் எண் முழுதும் வேறுபடும். இறக்கும்போது கோப்பு சிதைந்ததா என்பதை இது காட்டும். வெளியிட்டவர் இன்னார் என்பதை உறுதிசெய்ய, உடன் வரும் மின்கையொப்பத்தையும் சோதிக்க வேண்டும்.

3. கருவிகளைச் சேர்த்தல். தொகுப்பியும் துணைக் கருவிகளும் தேவை. பொதிக்களஞ்சியப் பட்டியலில் மூலப்பொதி வரியைச் செயற்படுத்திவிட்டு, ஆப்ட் நிரலின் ‘பில்டு-டெப்’ கட்டளையை விஎல்சிக்கு இட்டால், அதனைத் தொகுக்க வேண்டிய நூலகங்கள் பெரும்பாலும் ஒரே முறையில் வந்து சேரும்.

4. சூழலை ஆராய்தல். பொதியை ‘டார்’ கட்டளையால் விரித்து, அக்கோப்புறைக்குள் சென்று ‘கன்ஃபிகர்’ என்னும் கட்டளைத் தாளை ஓட்டுக. அது கணிப்பொறியில் எந்தக் கருவிகள் உள்ளன, எவை இல்லை என ஒவ்வொன்றாகச் சோதித்து, அதற்கேற்ப வேலைத்திட்டம் வகுக்கும். நிறுவ வேண்டிய இடத்தை ‘பிரிஃபிக்ஸ்’ என்னும் குறிப்பால் இப்பொழுதே தெரிவிக்க வேண்டும். தம் சொந்த அடைவுக்குள் ஒரு கோப்புறையைக் குறிப்பிடுவது நலம். அமைப்பில் முன்பே உள்ள விஎல்சியோடு இது மோதாது. வேண்டாதபோது அக்கோப்புறையை நீக்கினாலே போதும்.

5. தொகுத்தல். ‘மேக்’ என்னும் கட்டளையை இடுக. 1976-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய கருவியின் வழிவந்தது இது. மூலக் கோப்பின் நேரத்தையும், அதிலிருந்து பெற்ற கோப்பின் நேரத்தையும் ஒப்பிட்டு, மாறியவற்றை மட்டும் மறுபடி தொகுப்பது இதன் சிறப்பு. ஆகவே இடையில் மின்சாரம் தடைப்பட்டு வேலை நின்றாலும், பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். ஒரே சமயத்தில் பல கோப்புகளைத் தொகுக்கச் செய்யலாம். ஆனால் 2 ஜிகாபைட் நினைவகமே உள்ள பழைய கணிப்பொறியில் ஒன்று அல்லது இரண்டோடு நிறுத்திக்கொள்வது உசிதம். மிகுந்தால் நினைவகம் நிரம்பி வேலை நின்றுவிடும்.

6. சோதித்து நிறுவுதல். தொகுத்த கோப்புறையிலிருந்தே விஎல்சியை ஓட்டிப் பார்க்கலாம். திருப்தியானபின் ‘மேக் இன்ஸ்டால்’ கட்டளையால் நிறுவுக. நிர்வாகிக் கணக்கில் நுழைந்து விஎல்சியை ஓட்ட முயன்றால் அது மறுத்துவிடும். கெட்ட கோப்பு ஒன்று இயக்கியை ஏமாற்றினாலும் கணிப்பொறி முழுதும் பாழாகாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

பிழைச் செய்தியைப் படித்தல்

முதன்முறை முயல்வோருள் பலர் நான்காம் படியிலேயே நின்றுவிடுகின்றனர். ‘லுவா காணப்படவில்லை’ என்றோ, ‘ஏ52 காணப்படவில்லை’ என்றோ செய்தி வந்து கன்ஃபிகர் நின்றுவிடுவதே காரணம். அச்செய்தியை இறுதிவரை படித்தால், நிவாரணமும் அதிலேயே கூறப்பட்டிருப்பது புலனாகும். குறிப்பிட்ட நூலகத்தைச் சேர்க்கலாம். அன்றி, அது வேண்டாமெனில் ‘டிசேபிள்’ என்னும் குறிப்பால் அக்கூற்றை விலக்கிவிட்டு மேற்செல்லலாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒரு நூலகம் கணிப்பொறியில் ஏற்கெனவே இருந்தும் ‘காணப்படவில்லை’ எனச் செய்தி வரலாம். ஓடுவதற்கு வேண்டிய பகுதி ஒரு பொதியிலும், தொகுப்பதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் ‘டெவ்’ என முடியும் மற்றொரு பொதியிலும் தனித்தனியே வழங்கப்படுவதே இதற்குக் காரணம். தொகுப்பிக்கு இரண்டாவது பொதி இன்றியமையாதது.

நின்றுவிடும் பிழையைவிட, நிற்காமல் கடந்து செல்லும் குறையே அதிகக் கவனத்துக்குரியது. கட்டாயமானவை எனக் குறிக்கப்பட்ட நூலகங்கள் இல்லாவிடில் வேலை நின்றுவிடும். விருப்பத்துக்கு விடப்பட்டவை இல்லாவிடிலோ, கன்ஃபிகர் சிறு குறிப்பொன்றை எழுதிவிட்டு அக்கூற்றை விட்டுச் செல்லும். ஏவி1 முறையில் சுருக்கிய படத்தை விரிப்பதற்கு வீடியோலேன் சங்கத்தார் 2018 டிசம்பரில் வெளியிட்ட டேவிட் என்னும் நூலகம் இதற்கு உதாரணம். அதன் ‘டெவ்’ பொதி இல்லாத கணிப்பொறியிலும் விஎல்சி பிழையின்றித் தொகுக்கப்படும்; நிறுவப்படும்; அழகாகத் திறக்கும். ஏவி1 படத்தை இட்ட பின்னரே ஒலி மட்டும் கேட்டுத் திரை இருண்டிருக்கக் காணலாம். ஊர்க்கூட்டத்தில் நேர்ந்த இடரின் காரணம் இப்பொழுது விளங்கும்.

எனவே கன்ஃபிகர் முடிந்தவுடன் ‘கன்ஃபிக் லாக்’ என்னும் பதிவேட்டைத் திறந்து, வேண்டிய கோடெக் சேர்க்கப்பட்டதா எனத் தேடிப் பார்ப்பது அவசியம். நிறுவியபின் விஎல்சியின் ‘லிஸ்ட்’ குறிப்பைக் கொண்டு, அதிலுள்ள கூறுகளின் பட்டியலையும் காணலாம்.

எச்சரிக்கைகள்

மூலத்திலிருந்து தாமே தொகுத்த நிரல் எவ்வகையிலும் பாதுகாப்பானது எனக் கருதுவது தவறு. எக்ஸ்இசட் என்னும் சுருக்குக் கருவியில் நேர்ந்தது இதற்குச் சான்று. அதன் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் தீய நிரல் ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. அதனைச் செயற்படுத்தும் வரிகள் பொதுவில் காணும் மூலக் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதியிலிருந்த அமைப்புக் கட்டளைகளுள் மறைக்கப்பட்டிருந்தன. தொகுக்கும்போதுதான் அது உள்ளே நுழைந்தது. ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட் என்னும் பொறியாளர், தொலைக் கணிப்பொறியில் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாவதைக் கவனித்து, காரணத்தைத் தேடிச் சென்று, 2024 மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். பெரும்பாலான நிலைப்பதிப்புகளில் அது புகுமுன் தடுக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சி இரு உண்மைகளைப் புலப்படுத்துகிறது. மூலம் திறந்திருந்ததனாலேயே ஒருவரால் காரணத்தை இறுதிவரை தேட முடிந்தது. அதேசமயம், திறந்திருப்பது மட்டும் காவலாகாது. அரை நொடித் தாமதத்தையும் அலட்சியம் செய்யாத ஒருவர் அங்கே இருக்க நேர்ந்தது.

மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. களஞ்சியத்திலிருந்து நிறுவிய நிரலுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அமைப்பின் வழியே வந்து சேரும். கையால் தொகுத்ததற்கு அவ்வாறு வாரா. புதிய பதிப்பை அறிந்து மறுபடி தொகுக்கும் பொறுப்பு தொகுத்தவரையே சாரும். ஆதலால் களஞ்சியப் பொதி தேவையை நிறைவேற்றுமாயின் அதனையே உபயோகிப்பது தக்கது. வேண்டிய கோடெக் அதில் இல்லாதபோதும், பழைய கணிப்பொறிக்கென்று தேவையற்ற கூறுகளை நீக்க வேண்டியபோதும், நிரல் உருவாகும் விதத்தைக் கற்பிக்க விரும்பும்போதும் மூலத்தை நாடுக.

வகுப்பில் ஒரு பயிற்சி

ஹைதராபாத்தில் 2005-ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்வேச்சா என்னும் தன்னார்வ இயக்கம், லினக்ஸைத் தெலுங்கு மொழியில் அளிக்கும் நோக்குடன் பணியாற்றி, கல்லூரி மாணவர்களுக்குப் பயிலரங்குகளும் நடத்தி வந்துள்ளது. தம் மொழியின் சொல் கணிப்பொறித் திரையில் தோன்றக் காண்பது மாணவர்க்கு ஊக்கமளிக்கும் என்பதை ஆசிரியர் எவரும் அறிவர். தமிழ் மாணவருக்கும் அவ்வாய்ப்பு இம்மூலநிரலில் உள்ளது.

விஎல்சியின் மூலக் கோப்புறையில் ‘பிஓ’ என்னும் உட்கோப்புறை இருக்கிறது. அதில் மொழிக்கொரு கோப்பு உண்டு; ‘டிஏ’ எனக் குறிக்கப்பட்டது தமிழுக்குரியது. ஒவ்வொரு சொற்றொடரின் ஆங்கில வடிவும் அதற்குரிய தமிழ் வடிவும் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டுள்ளன. மாணவர்கள் அதனைப் படித்து, பொருத்தமற்றதாகத் தோன்றும் ஒரு சொல்லைத் தேர்ந்து, அதற்கு ஈடாக நல்ல சொல் எதுவென விவாதித்து முடிவு செய்யட்டும். பின்னர் அக்கோப்பைத் திருத்தி, ஜெட்டெக்ஸ்ட் கருவியால் தொகுத்து, மறுபடி நிறுவி, கணிப்பொறியின் மொழியைத் தமிழாக வைத்துத் திறந்தால், அவர்கள் தேர்ந்த சொல் பட்டியில் தோன்றும். மூலநிரல் என்பது யாரோ எங்கோ எழுதி முடித்த பொருளன்று என்பதை, நீண்ட விரிவுரையைவிட இவ்வொரு சொல் தெளிவாக உணர்த்தும்.

மீள்பார்வை

ஒலி–ஒளி இயக்கி நான்கு பணிகளால் ஆனது. படம் தோன்றாமைக்குப் பெரும்பாலும் கோடெக் இன்மையே காரணம். மூலத்திலிருந்து தொகுத்தல், ஆராய்தல், தொகுத்தல், நிறுவுதல் என மூன்று பெரும் படிகளில் நிகழ்கிறது. பிழைச் செய்தி தோல்வியை அறிவிப்பதன்று. எது குறைகிறது என்பதை எடுத்துரைப்பது. செய்தி வராத குறைகளைப் பதிவேட்டில் தேடிக் காண வேண்டும். மூலத்தைச் சரிபார்ப்பதும் காலந்தோறும் புதுப்பிப்பதும் தொகுத்தவரின் கடமைகள்.

வினாக்கள்

1. ஒலி கேட்டுப் படம் தோன்றாவிடில், இயக்கியின் எப்பணியில் குறை இருக்கக்கூடும்? காரணம் கூறுக.

2. நூலகம் இருந்தும் ‘காணப்படவில்லை’ எனக் கன்ஃபிகர் கூறுவது ஏன்?

3. சரிபார்ப்பெண்ணும் மின்கையொப்பமும் தனித்தனியே எவற்றை உறுதிசெய்கின்றன?

4. அகலத்தில் 1,280, உயரத்தில் 720 புள்ளிகள் கொண்ட படம் நொடிக்கு 25 வீதம் ஓடினால், சுருக்காத நிலையில் ஒரு நொடிக்கு எத்தனை பைட்டுகள் தேவைப்படும்?